ஒரு காம்பராவை மட்டும் விட்டு வையுங்கள்

உடப்புசல்லாவை, ராகலை, ஹல்கிரனோயா, ஹைபொரஸ்ட் பக்கத்துத் தோட்டங்களின் கோயில் பரிபாலன சபையினருக்கும் வாலிபர் சங்கத்தினருக்கும் ஒரு திறந்த மடல்





லயங்கள் உடைபடுகிற காலம் இது. உடையட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் ஒன்றாகக் கிடந்த வாழ்க்கைக்காகக் கண்ணீர் விட எனக்கு மனமில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், ஏற்கெனவே தொடங்கியிருந்த 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணி, தனி வீடு. கிடைத்தவர்கள் நிம்மதியாகக் குடிபோகட்டும், கிடைக்காதவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும். லயத்தின்மேல் ஆசைப்பட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது.

வீடு மாறும்போது எது கூட வருகிறது, எது பின்தங்கிப் போகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டில் போகும். அலுமாரி போகும். டீவியைக் கம்பளி சுற்றிக் கைக்குழந்தையைப் போல் தூக்கிப் போவார்கள். பரணில் கிடக்கும் காமன் கூத்துக் கிரீடம் மட்டும் போகாது. தாத்தா கையால் எழுதிவைத்த கூத்துக் கொப்பி பழைய பேப்பரோடு நிறுவைக்குப் போய்விடும். தோல் கிழிந்த தப்பின் கட்டை அடுப்புக்குள் போகும். "இதை வச்சு இனி என்ன செய்ய?" என்று மகன் கேட்டால் தகப்பனிடம் பதில் இருக்காது. இருக்கிற வீட்டிலேயே இடம் போதாதவர்களிடம் பழைய கிரீடத்தை ஏன் வைத்திருக்கவில்லை என்று கேட்பதும் நியாயமில்லை. அது ஒரு குடும்பம் சுமக்க வேண்டிய சுமை அல்ல, ஊர் சுமக்க வேண்டியது. ஊரென்றால் நம் பக்கத்தில் கோயில் சபையும் வாலிபர் சங்கமும்தான். அதனால்தான் இந்த மடல் உங்கள் பெயருக்கு வருகிறது.

கேட்பது இவ்வளவுதான். உடைக்கப் போகிற லயத்தில் ஒரு காம்பராவை மட்டும் விட்டு வையுங்கள். அதில் நம் பகுதியில் கூத்தாடியவர், தப்படித்தவர், கூடை முடைந்தவர், படம் வரைந்தவர் ஆகியோரின் கைவேலைகளை, அவர்கள் பெயரோடு வைத்து ஒரு சின்ன நூதனசாலை அமையுங்கள். பெயரோடு என்பதை மறுபடியும் சொல்கிறேன். கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

இது நடக்கிற காரியமா என்று யோசிப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனைப் பிடித்து நுவரெலியா, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைப் பக்கம் போய் வரலாம். (உடப்புசல்லாவை என்று சொன்னதும் "ஓ, புசல்லாவையா?" என்று கேட்கிற உத்தியோகத்தர்களையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு போனால் நல்லது. இரண்டுக்கும் இடையில் எத்தனை வளைவு இருக்கிறது என்று அவர்கள் வயிற்றுக்குத் தெரிந்துவிடும்.) அங்கே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தைச் சீர்செய்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் 2007 முதல் நடக்கிறது. கண்டியிலிருக்கும் சமூக அபிவிருத்தி நிறுவகமும் அதை வழிநடத்திய பெ. முத்துலிங்கமும் அமைத்தது. வீட்டுப் பாத்திரங்கள், மலை வேலைக் கருவிகள், மேளதாளங்கள், பழைய நகைகள், தொழிற்சங்கக் காலத்துத் தாள்கள் என்று நம் ஆட்கள் புழங்கிய பொருட்களை நம் ஆட்கள் குடியிருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியைவிட அந்தத் தாழ்ந்த கூரைதான் அங்கே பெரிய காட்சிப் பொருள்.

அப்படியே கண்டி ஹந்தானைக்கும் ஒரு நடை போங்கள். 1925-இல் கட்டிய தொழிற்சாலையில், தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து 2001-இல் திறந்த இலங்கைத் தேயிலை நூதனசாலை அங்கே இருக்கிறது. நான்கு மாடி, பழைய இயந்திரங்கள், 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள், மேலே போய்த் தேத்தண்ணி குடிக்க வசதி. நன்றாகவே வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல வரவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையின் பழைய இயந்திரங்களில் செய்தவன் பெயர் வார்ப்பிரும்பில் பொறித்திருக்கும். உருட்டு மெஷின் என்றால் இங்கிலாந்தின் மார்ஷல் கம்பெனி, உலர்த்தும் மெஷின் என்றால் பெல்பாஸ்ட் டேவிட்சனின் சிரொக்கோ. நூறு வருஷம் கழித்தும் யார் செய்தது என்று சந்தேகமே வராது. நம் தோட்டத்துத் தொழிற்சாலையிலும் அந்தப் பெயர்த் தகடுகளைப் பார்த்தே வளர்ந்தோம். அதே தொழிற்சாலைக்குக் கொழுந்து சுமந்த கூடையை முடைந்தவர் பெயர் கூடையில் இல்லை. காமன் பண்டிகைக்குத் தப்புச் செய்து கொடுத்தவர் பெயர் தப்பில் இல்லை. இயந்திரத்துக்கு இருக்கிற மரியாதை கைக்கு இல்லாமல் போனது.

கம்பளை நூதனசாலை நம்மைத் தொழிலாளர் என்று காட்டுகிறது. அது தேவை. 1940-இல் முல்லோயாவில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளி கோவிந்தனின் வரலாற்றையும் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரின் எழுத்தையும் வைத்திருக்க ஓர் இடம் வேண்டாமா? ஆனால் இருநூறு வருஷமாக நாம் உழைக்க மட்டும் செய்யவில்லை. பாடினோம், ஆடினோம், செதுக்கினோம், வரைந்தோம். அதைச் செய்தவர்களைக் கலைஞர் என்று சொல்லி, பெயர் போட்டு, ஒரு சுவரில் மாட்டிவைக்க மலையகத்தின் இந்தக் கிழக்கு மூலையில் ஓர் இடம் வேண்டும்.

காமன் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் கம்பம் நடுகிறோம். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கிறது. சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் பௌர்ணமியில் எரிகிறான், பிறகு உயிர்த்தெழுகிறான். வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருக்கிறார்கள். பகலில் மலையில் ஏறி வேலை செய்துவிட்டு இரவில் பனிக்குள் லயம் லயமாக ஆடிப் போகிறார்கள். தூதன் வருகிறான், குறவன் குறத்தி வருகிறார்கள், வீரபத்திரன் வந்தால் சின்னப் பிள்ளைகள் அலறி ஒளிகின்றன. இவ்வளவுக்கும் பின்னால் இருக்கிற கைவேலையை எண்ணிப் பாருங்கள். அட்டையில் கிரீடம் வெட்டி ஜிகினாத்தாள் ஒட்டியது யார்? வில்லை வளைத்துக் கட்டியது யார்? ரதியின் சேலை மடிப்பு அப்படித்தான் விழ வேண்டும் என்று தீர்மானித்தது யார்? ஒவ்வொரு தோட்டத்திலும் அதற்கென்று ஓர் ஆள் இருந்தார். தையல்காரராக இருப்பார், தொழிற்சாலையில் வேலை செய்பவராக இருப்பார், சில இடத்தில் கணக்கப்பிள்ளையே இருப்பார். அவரை நாம் 'கூத்து மாஸ்டர்' என்று சொன்னதோடு சரி. அவர் போனபின் அவர் செய்த கிரீடம் 'பழைய கிரீடம்' ஆகிவிட்டது.

அறுபது வயது கடந்த கலைஞர்களுக்கு அரசாங்கம் கலாபூஷணம் விருது கொடுக்கிறது. நம் பக்கத்துக் கூத்துக்காரர்களுக்கும் கிடைத்திருக்கிறது. சட்டம் போட்ட அந்தச் சான்றிதழைக் காம்பராச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. விருதுப் பத்திரம் இருக்கிறது, அந்த விருதை வாங்கித் தந்த வேஷம் எங்கே?

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தப்பு இல்லாமல் காமன் கூத்து இல்லை. திருவிழா இல்லை, காவடி இல்லை, சாவு வீடும் இல்லை. அந்தக் காலத்தில் விடியலில் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டதும் தப்புச் சத்தம்தான். அவ்வளவு வேலை செய்த வாத்தியத்தை அடித்தவரைக் கோயிலில் எந்த இடத்தில் நிறுத்தினோம்? சாமி தூக்கும்போது முன்னால் அடிக்க வேண்டும், சபைக் கூட்டத்தில் பின்னால் நிற்க வேண்டும். இன்றைக்கு அவருடைய பேரன் தப்பைத் தொட மாட்டேன் என்கிறான் என்றால், கலை அழிகிறதே என்று மேடையில் பேசுகிற உரிமை நமக்கு இல்லை. அவனைக் குறை சொல்லாதீர்கள். தாத்தாவுக்குக் கிடைத்த அவமானத்தைத் தோளில் மாட்டிக்கொள்ள அவனுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பறையைக் கையிலெடுத்த புதிய குழுக்கள் அதை மரியாதையின் வாத்தியமாக மாற்றிக் காட்டியிருக்கின்றன. பெண்களும் அடிக்கிறார்கள். நம் நூதனசாலையில் தப்பை வைப்பதானால் முதலில் அந்தக் குடும்பத்திடம் போய்க் கேளுங்கள். தர விருப்பமா, எப்படி வைக்க வேண்டும், கீழே என்ன எழுத வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். பெயரும் படமும் போட அவர்கள் சம்மதித்தால் தலைவர், செயலாளர் படத்துக்கு மேலே போடுங்கள். நூதனசாலைக் குழுவில் தப்படித்த குடும்பத்திலிருந்து ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் காம்பராவை இடித்துவிடுவதே மேல்.

பெண்களின் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அவர்களிடம்தான் இருந்தன. கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். பெயர் நிலைத்த ஒரு பெண் அவர். மற்றவர்களுக்கு அச்சும் இல்லை, மேடையும் இல்லை. மலை உச்சியில் கொழுந்து எடுத்துக்கொண்டே பாடிய பாட்டுக்கு அடுத்த நிரையில் நின்றவள்தான் சபை. வட்டகொடை மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947-இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், இந்தப் பாடல்களின் மதிப்பறிந்து திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். அவர் செய்யாமல் விட்டிருந்தால் பாதி போயிருக்கும். அவருடைய ஆங்கிலக் கவிதை நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்த சக்தீ பால ஐயா கவிஞராக இருந்ததோடு ஓவியராகவும் இருந்தவர். அவருடைய கவிதையைத் தேடினால் கிடைத்துவிடும். ஓவியத்தைப் பார்க்க நம் பிள்ளைகள் எந்த ஊருக்குப் பஸ் ஏறுவார்கள்?

கொழுந்துக் கூடையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. மூங்கிலைப் பிளந்து, சீவி, ஈரம் பார்த்து முடைகிற கூடை. தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கினால் இடுப்பு எலும்பை உரசக் கூடாது, கொழுந்துக்குக் காற்றுப் போக வேண்டும், மழையில் ஊறினாலும் வடிவம் கெடக் கூடாது. இவ்வளவையும் கணக்குப் போட்டு முடைந்தவர் எந்தக் கலைக்கல்லூரியிலும் படிக்கவில்லை. இப்போது நைலோன் பையும் சாக்கும் வந்துவிட்டன. பாரம் குறைவு, எடுக்கிறவர்களுக்கு அதுவே சௌகரியம், கூடையைத் திரும்பக் கொண்டுவா என்று எவரும் கேட்க முடியாது. ஆனால் கூடை முடையத் தெரிந்தவர் இன்னும் ஒருவர் இருவராவது இருக்கும்போதே அவரை உட்காரவைத்து, மூங்கில் வெட்டுவதிலிருந்து விளிம்பு கட்டுவது வரை போனில் வீடியோ எடுத்துவிடலாம். ஒரு கூடையை விலை கொடுத்து வாங்குங்கள். இனாமாகக் கேட்காதீர்கள். கலைப்பொருளுக்கு முதல் மரியாதை அதன் விலை.

எல்லாவற்றையும் காம்பராவுக்குள் கொண்டுவர வேண்டுமென்பதும் இல்லை. தொழிற்சாலை ரோதையைக் காக்கிற ரோதைமுனி, கவ்வாத்து வெட்டத் தொடங்கும்முன் கும்பிடுகிற கவ்வாத்துச்சாமி, மலை ஓரத்தில் மஞ்சள் பூசிய கல், துருப்பிடித்த சூலம், இவற்றைப் பெயர்த்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். விடாதீர்கள். சாமி அங்கேயே இருக்கட்டும். படம் எடுத்து, எந்த மலை, எந்த நம்பர், எந்த நாளில் பூசை என்று எழுதி அதைச் சுவரில் மாட்டினால் போதும். அதே மாதிரி, வெள்ளைக்காரருக்குப் புடவை கட்டி, முதுகில் கூடை மாட்டிப் படம் பிடித்துக் கொடுக்கிற இடமாக இது ஆகிவிடக் கூடாது. அவர்கள் வரட்டும், பார்க்கட்டும். ஆனால் ராகலைப் பிள்ளை வந்து "இது எங்க தாத்தா செஞ்சது" என்று சொல்வதற்காகத்தான் கதவு திறக்க வேண்டும்.

நம்மிடமிருந்து ஏற்கெனவே போனதை நினைத்தால் அவசரம் விளங்கும். 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதியைப் பிறகு பேசலாம் என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். கப்பலேறிப் போனவர்களோடு கூத்து மாஸ்டர்களும் போனார்கள், கொப்பிகளும் போயின. ஒரு தோட்டத்தில் ரதி நின்றாள், மன்மதன் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போய்விட்டான். இங்கே கூத்து நின்றுபோன தோட்டங்கள் சிலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம். போனவர்களின் பிள்ளைகளோடு இன்றைக்கு வாட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள். அவர்கள் வீட்டில் பழைய கொப்பி, படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். படமெடுத்து அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

பெரிய பொருட்களும் தப்புவதில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு குட்டி ரயில் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அதற்கு உடப்புசல்லாவை ரயில் பாதை என்றே பெயர். 1903, 1904-இல் திறந்தார்கள், 1940-களில் நின்றுபோனது. ஒரு ரயிலே அடையாளம் தெரியாமல் போகிற ஊரில் ஒரு அட்டைக் கிரீடம் எத்தனை நாள் தாங்கும்?

மறுபக்கத்தில் நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. மலையகப் பிள்ளைகள் இப்போது யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் போய் ஓவியமும் நாடகமும் முறையாகப் படிக்கிறார்கள். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் படித்து, தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பைகளையும் தேத்தண்ணி வடியையும் வைத்தே தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையைப் படைப்பாக்கியவர். கொழும்பில் கலை பார்க்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். ஹட்டனிலும் ராகலையிலும் எத்தனை பேருக்குத் தெரியும்? குறை அவர் மேல் இல்லை. படம் மாட்ட இங்கே ஆணி அடித்த சுவர் இல்லை. கொழும்பில் 2019 டிசம்பரில் நவீன சமகாலக் கலைக்கான நூதனசாலை ஒன்று திறந்தது. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கம் எழுதி வைக்கிறார்கள், பாராட்ட வேண்டியது. ஆனால் ஹல்கிரனோயாவிலிருந்து ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போய்த் திரும்ப என்ன செலவாகும் என்று பாடசாலை அதிபர்களைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்த ஒரு வேலையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். யுத்தத்தில் வீடிழந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். அவர்கள் கோணல்மாணலாக வரைந்த தரைப்படங்களையும், அவற்றைக் கட்டடக் கலைஞர் சரியாக வரைந்ததையும், தம் ஓவியத்தையும் சேர்த்து 2011-இல் ஒரு நூலாக்கினார். காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அந்த நூலுக்கு வைத்தார். நம் பக்கத்தில் லயம் உடைவதற்கு முன் அதே வேலையைப் பாடசாலைப் பிள்ளைகள் செய்யலாம். பாட்டி சொல்லச் சொல்ல, பேத்தி வரையட்டும். அடுப்பு எங்கே, சாமிப்படம் எங்கே, இஸ்தோப்பில் யார் படுத்தார், கோழிக்கூடு எங்கே என்று. சித்திர ஆசிரியர்கள் மனம் வைத்தால் ஒரு தவணையில் முடியும். பரீட்சை முடிந்ததும் பாடசாலை மூலையில் கட்டிப்போட்டுக் கறையானுக்குக் கொடுக்கிற படங்களிலிருந்தும் வருஷத்துக்கு ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து மாட்டினால் பத்து வருஷத்தில் உங்கள் சுவர் நிறைந்துவிடும்.

இனி வேலை நடக்கிற விதம். தோட்டக் காணி அரசாங்கத்தின் காணி, 1992 முதல் நிர்வாகம் கம்பெனிகளின் கையில். அதனால் காம்பராவை வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 'துரை சரின்னு சொன்னார்' என்பது போதாது, துரைமார் மாறிப் போவார்கள். லயக் காம்பரா கிடைக்காத இடத்தில் பிள்ளைகள் குறைந்து பூட்டிக் கிடக்கிற பிள்ளைக்காம்பராவையோ பாவிக்காத கொழுந்து மடுவத்தையோ கேட்கலாம். ஒன்றும் இல்லையென்றால் கோயில் மண்டபத்தில் ஒரு சுவர். பணத்துக்குப் பிரதேச சபையிடம் போங்கள். தோட்டத்துக்குள் எங்களால் செலவு செய்ய முடியாது என்று சொன்ன காலம் போய்விட்டது. 1987-ஆம் வருஷத்துப் பிரதேச சபைச் சட்டத்தை 2018-இல் திருத்தியது அதற்காகத்தான். தேயிலைச் சபை பெயரிட்டுச் சொல்கிற ஏழு தேயிலைப் பிராந்தியங்களில் உடப்புசல்லாவையும் ஒன்று. டின்னில் ஊர்ப் பெயரை அச்சடித்து விற்கிற கம்பெனிகளிடம் ஒரு கூரைத் தகரம் கேட்பதில் வெட்கமில்லை.

நம் ஊர் ஈரத்தை மறந்துவிடாதீர்கள். தப்பையும் கொப்பியையும் பத்திரமாக இருக்கட்டும் என்று பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும். காற்றுப் படும்படி, தரையிலிருந்து உயர்த்தி, ஈரச் சுவரில் முட்டாமல் வையுங்கள். பழைய போட்டோவை லெமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றிவருகிற நூலகம் நிறுவனம் மலையகத்து ஆவணங்களையும் சேர்க்கிறது, அவர்களிடம் ஒரு பிரதி இருந்தால் மண்சரிவு வந்தாலும் எழுத்து மிஞ்சும். பொருளைத் தந்தவருக்கு ரசீது கொடுங்கள். திரும்பக் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

சின்ன இடம் என்று தயங்க வேண்டாம். மொரீசியஸ் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில், ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து போனவர்கள் இறங்கிய இடத்தின் பெரும்பகுதி எப்போதோ அழிந்துவிட்டது. மிஞ்சிய படிக்கட்டையும் சில கட்டடங்களையும்தான் ஆப்பிரவாசி காட் என்ற பெயரில் 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மக்கள் அதை விடாமல் பிடித்திருந்தார்கள். நாமோ 2023-இல் மலையகம் 200 என்று ஊரெல்லாம் விழா எடுத்தோம், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனோம். அந்த வருஷம் வரைந்த பதாகைகள், போட்ட நாடகங்கள், பிள்ளைகள் எழுதிய பாட்டுகள் எங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன? விழா நடத்தத் தெரிந்த அளவுக்கு நமக்குச் சேமிக்கத் தெரியவில்லை.

காம்பரா கிடைக்க வருஷம் ஆகலாம். பெயர் எழுத வருஷம் ஆகத் தேவையில்லை. அடுத்த சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்த்து, ஒவ்வொரு சபையும் ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்குங்கள். உங்கள் தோட்டத்தில் கூத்தாடியவர், ஆட்டுவித்தவர், தப்படித்தவர், கூடை முடைந்தவர், ஒப்பாரி பாடியவர், கோயில் சுவரில் படம் வரைந்தவர் என்று உயிரோடிருப்பவரும் மறைந்தவரும் எல்லோருடைய பெயரும் பிரிவும் அதில் ஏறட்டும். எழுதும் பொறுப்பை வாலிபர் சங்கத்தில் ஒரு பெண்பிள்ளையிடம் கொடுங்கள், ஒழுங்காக முடியும். வயதானவர்களை முதலில் போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
ராகலைப் பக்கத்திலிருந்து
ஓய்வுபெற்ற ஒரு சித்திர ஆசிரியர்